கொழுந்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு முழம்

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில் தேயிலை மலைக்குப் போகும் பெண்ணின் கை, கண் சொல்வதைக் கேட்டுத்தான் ஓடுகிறது. மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும் தளிர்களில் இரண்டு இலையும் மொட்டுமாக நிற்பது எது, முற்றிப்போனது எது, வளராமல் நின்றுபோன வங்கி எது என்று கண் பிரித்துக் காட்ட வேண்டும். விரல் கிள்ள வேண்டும். அடுத்த செடிக்கு நகர வேண்டும். நின்று நிதானித்துப் பார்க்க நேரம் கிடையாது. பக்கத்து நிரைக்காரி முந்திக்கொண்டு போய்விடுவாள். பின்னேர நிறுவையில் கிலோ குறைந்தால் முழுநாள் கூலியான முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

நாற்பத்தைந்தைத் தொட்ட பெண்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "முன்ன மாதிரி கை ஓட மாட்டேங்குது." வயதாகிவிட்டது என்று கங்காணியும் முடிவு கட்டிவிடுவார். இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் டிஸ்பென்சரிக்குப் போய் மாத்திரை வாங்குவார்கள். கண்ணைப் பற்றிப் பேச்சே எழாது. எதிர்மலையில் ஓடும் லொறி தெரிகிறது, தூரத்தில் வரும் ஆளை அடையாளம் தெரிகிறது, பிறகு கண்ணுக்கு என்ன குறை என்று கேட்பார்கள்.

குறை இருப்பது ஒரு முழத் தூரத்தில்.

2017இல் அசாமின் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் குறையை நிறுத்தே பார்த்தார்கள். நாற்பது வயதைக் கடந்து, கிட்டத்தில் பார்வை மங்கிப்போன 751 தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி. மற்றப் பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு. இரு தரப்பும் நாளாந்தம் பறித்த கொழுந்தின் நிறை பதியப்பட்டது. கண்ணாடி போட்டவர்கள் பறித்தது நாளொன்றுக்கு 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களும் 26 கிலோவிலிருந்து 30.6 கிலோவுக்கு ஏறியிருந்தார்கள். அந்த ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணாடி தந்த மிகுதி நாளுக்கு 5 கிலோவுக்கு மேல், அதாவது 21.7 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அது 30 சதவீதத்தையும் கடந்தது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்த ஆய்வு வெளியானது. ஒருவருக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆன செலவு ஏறத்தாழ 10 டொலர்.

அசாமின் சமவெளிக் கொழுந்து வேறு, ஆறாயிரம் அடிக்கு மேலே குளிரில் மெதுவாகத் தளிர்க்கும் கந்தப்பளைக் கொழுந்து வேறு. அங்கே கிடைத்த 5 கிலோவை இங்கே அப்படியே கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் கண்ணும் விரலும் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே. நாற்பதைக் கடந்த கண்ணுக்கு நேர்வதும் ஒன்றே. கிலோவை வைத்துக் கூலியை அறுக்கும் ஒரு தொழிலில், கிலோவைக் குறைக்கும் கண்ணை யாரும் சோதிப்பதில்லை என்பதுதான் இங்குள்ள பெரிய குறை.

கிட்டத்தில் பார்வை மங்கும் இந்த வெள்ளெழுத்து நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகவும் கிட்டத்தைப் பார்க்கும்போது குவிந்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். நாற்பதை ஒட்டி அந்த வில்லை இறுகத் தொடங்குகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவதும், மருந்து உறையை எட்டப் பிடித்துப் படிப்பதும், அரிசியில் கல் பொறுக்குவது பேரப்பிள்ளை வேலையாவதும் அதன் அடையாளங்கள். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் எவரும் இதற்குத் தப்புவதில்லை. கொழும்பில் கந்தோரில் வேலை செய்பவர் கடிதம் மங்கிய அன்றே கண்ணாடிக் கடைக்குப் போகிறார். மலையில் வேலை செய்பவர் கண்ணாடி என்பது படிக்கிறவர்களுக்கு உரியது என்று நினைத்துப் பத்து, பதினைந்து வருடங்களைத் தடவித் தடவியே கழிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கையின்படி, வெள்ளெழுத்து இருந்தும் அதற்குரிய கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கு மேல்.

பங்களாதேசத்தில் 35 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட எண்ணூறுக்கு மேற்பட்ட கிராமத்து உழைப்பாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2024இல் வெளியானது. வெறும் வெள்ளெழுத்துக் கண்ணாடி அவர்களுடைய மாத வருமானத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தது.

தேயிலை மலையில் கண்ணாடி போடுவதில் சிரமங்கள் உண்டு. பனிமூட்டம் கண்ணாடியில் படியும். மழைத்துளி விழும். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு நடந்தால் தரை கலங்கித் தெரியும். வடிகால் கான் இருப்பது தெரியாமல் கால் வைத்தால் சறுக்கி விழ வேண்டியதுதான். எனவே கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செடி முன்னால் நிற்கும்போது போடுவதும் நகரும்போது இறக்குவதும் பழக வேண்டும். மூக்கு நுனியில் நிற்கும் அரைக் கண்ணாடி இன்னும் வசதி. புத்தகம் படிக்கும் தூரத்தை விட கொழுந்து சற்றே எட்ட இருப்பதால், படிக்கப் பொருந்தும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் வலு குறைந்தது பொருந்தக்கூடும். இதையெல்லாம் சொல்லித்தர ஒரு கண் வைத்தியர் வேண்டும் என்றில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போதும்.

பயிற்சி பெற்ற ஒருவர் போதும் என்ற இந்த எண்ணத்தை ஒரு பெரும் அமைப்பாகவே கட்டிக் காட்டிய கண் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், கந்தப்பளை மக்களின் பாட்டன் பூட்டன் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்.

வடமலாபுரத்து டொக்டர்

மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று இந்த லயங்களில் இருக்கிறார்கள். அதே மண்ணில், எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்தில் 1918 ஒக்டோபர் 1ஆம் திகதி பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் சிலேட்டும் காகிதமும் இல்லாமல் ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த காலம். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றை ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேற்று வைத்தியராவது என்று தீர்மானித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் வைத்தியப் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார்.

முப்பது வயதில் முடக்குவாதம் அவரை வீழ்த்தியது. உடம்பின் மூட்டுகளெல்லாம் வீங்கின. இராணுவத்திலிருந்து 1948இல் விடுவித்தார்கள். நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. மகப்பேற்று வைத்தியம் இனி முடியாது என்றானது. அந்த விரல்களோடு அவர் தேர்ந்துகொண்டது, மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும் கண் வைத்தியத்தை. சென்னை எழும்பூரில் 1819இலிருந்து நடந்துவரும் அரசினர் கண் ஆஸ்பத்திரியில் பயின்று, 1951இல் டிப்ளோமாவும் 1954இல் எம்.எஸ். பட்டமும் பெற்றார். கோணிய விரல்களுக்குப் பொருந்துமாறு கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் சத்திரசிகிச்சைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டும்.

1956இலிருந்து இருபது வருடம் மதுரை அரசினர் மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவராக இருந்தார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியது அந்தக் காலத்தில்தான். 1973இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1976இல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் அந்த வயதில், மதுரையில் ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பாண்டிச்சேரி அரவிந்தரிடம் கொண்ட பற்றினால் வைத்த பெயர் அது. தங்கை டொக்டர் நாச்சியார், மைத்துனர் டொக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. நகையை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பிய கதை மதுரைக்காரர்கள் பலருக்கும் தெரியும். அவரை எல்லாரும் டொக்டர் வி என்றே அழைத்தார்கள். திருமணம் செய்யவில்லை. 2006 ஜூலை 7இல் காலமானார்.

அவருடைய விருதுகளை விட அவர் போட்ட கணக்கே மலையகத்துக்குப் பயன்படும். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள், கண் வைத்தியர்கள் சொற்பம். அப்படியானால் வைத்தியரின் ஒரு நிமிடம்கூட, வேறொருவர் செய்யக்கூடிய வேலையில் போகக்கூடாது. கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, கண்ணில் மருந்து விட்டு ஆயத்தம் செய்வது, ஆறுதல் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சத்திரசிகிச்சை அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் வைத்தியர் வேலை செய்யும்போதே அடுத்ததில் நோயாளி ஆயத்தமாகிவிடுவார். முதல் கண் முடிந்ததும் வைத்தியர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டால் போதும். காசு கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கியதில் மிஞ்சியதைக் கொண்டு, கொடுக்க முடியாதவர்களுக்கு அதே வைத்தியர்கள் இலவசமாகச் செய்தார்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் உணவு கொடுப்பதைப் பார்த்து, கண் வைத்தியத்தையும் அப்படிக் கொடுக்க முடியாதா என்று அவர் கேட்டார்.

முகாம் போட்டால் மட்டும் போதாது என்பதையும் அரவிந்த்காரர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். முகாம் நடந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில், கண் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மற்றவர்களை மறித்தது பயம், துணைக்கு ஆள் இல்லாமை, பஸ் காசு, இழக்கும் கூலி. இலவசம் என்று போட்ட பலகை அவர்களுக்கு எட்டவில்லை. அதன் பிறகுதான் சிறிய ஊர்களில் நிரந்தரமான பார்வை மையங்கள் வந்தன. ஒரு சிறு கட்டடம், பயிற்சி பெற்ற இரண்டொரு பெண்கள், மதுரையிலோ தேனியிலோ இருக்கும் வைத்தியரோடு காணொளியில் பேச ஓர் இணைப்பு. கண்ணாடி அங்கேயே கிடைக்கும். பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பயணம் போக வேண்டியதில்லை.

கந்தப்பளை டவுனைப் போல ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

புரையும் வில்லையும்

வெள்ளெழுத்துக்கு அடுத்தது கண்புரை. கண்ணுக்குள் தெளிவாக இருந்த வில்லை வயதோடு மங்கி வெளுத்துப்போவது. உலகிலும் இலங்கையிலும் பார்வையிழப்புக்கு முதற் காரணம் இதுதான். வயது, சீனி வருத்தம், புகைத்தல், கண்ணில் பட்ட அடி, கண்டபடி எடுத்த ஸ்டெராய்டு மருந்து எல்லாம் இதை முன்கூட்டியே கொண்டுவரும். மலையகத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று லயத்து அடுப்பு. காற்றோட்டம் இல்லாத காம்பராவில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைக்கும் பெண்களுக்குப் புரை வரும் ஆபத்து கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றது வெயில். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். கந்தப்பளை நிற்பது 1,900 மீற்றர் அளவில். குளிராக இருக்கிறது, மூட்டமாக இருக்கிறது, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தவறு. மெல்லிய முகில் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை.

புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது. அதைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். சத்திரசிகிச்சை ஒன்றே வழி. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை வில்லை வைப்பார்கள்.

இந்தச் செயற்கை வில்லை பிறந்த கதை இரண்டாம் உலகப் போரோடு சேர்ந்தது. பிரித்தானிய விமானிகளின் விமான மூடி சுடுபட்டுச் சிதறியபோது, அந்தப் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் அவர்கள் கண்ணுக்குள் போயின. அவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், மற்றப் பொருட்களைப் போல இந்தத் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் சும்மா கிடப்பதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29இல் லண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில், அதே வகைப் பொருளில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். அன்றைய பெரிய வைத்தியர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஏற்றுக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்தன. அதுவரை உலகெங்கும், புரை எடுத்தவர்கள் தடித்த சோடாப் புட்டிக் கண்ணாடியோடுதான் வாழ்ந்தார்கள். அது உடைந்துபோனால் மறுபடியும் குருடுதான்.

செயற்கை வில்லை பரவலானபோதும் விலை ஏழைக்கு எட்டவில்லை. ஒரு வில்லை நூறு டொலரைத் தொட்ட நிலையில், 1992இல் மதுரையில் அரவிந்த்காரர்கள் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே போனது. பல நாடுகளில் இலவசமாகப் புரை எடுக்க முடிந்ததற்கு அந்த விலை இறக்கம் முக்கிய காரணம்.

இப்போது கண்ணை மரக்கச் செய்து, சிறு வெட்டில், தையல் இல்லாமல், கைதேர்ந்தவர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை 1967இல் சாள்ஸ் கெல்மன் என்ற அமெரிக்க வைத்தியர் தொடங்கியது. அந்த விலை உயர்ந்த யந்திரம் இல்லாத இடத்திலும் கையால் செய்யும் சிறு வெட்டு முறை நல்ல பலன் தருகிறது. எந்த முறை என்பதைவிட, யார் செய்கிறார், எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்பதே பெரிது.

சுத்தம் என்றதும் நுவரெலியாக்காரர்களுக்கு 2023 ஏப்ரல் நினைவுக்கு வரும். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும், கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு உண்டானது. சிலர் பார்வையையே இழந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் விடும் பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. இறக்குமதியான அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நட்டஈடு கோரினார்கள். பார்வை வேண்டி வந்தவர்கள் மருந்தால் பார்வையை இழப்பது பொறுக்க முடியாத அநியாயம். அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தச் செய்தி மலைகளில் விதைத்த பயம் இன்னும் போகவில்லை. கண்ணைக் கிழித்தால் குருடாகிவிடும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு சான்றாகிவிட்டது. எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்குள் கிருமி புகுவது அரிது. அரவிந்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்தபோது, அது பத்தாயிரத்துக்கு ஏழு என்று இருந்தது. சத்திரசிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிகொல்லி மருந்து விடத் தொடங்கிய பின் பத்தாயிரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. புரையை எடுக்காமல் விட்டால் பார்வை மேலும் மங்கிக்கொண்டே போகும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண் சிவந்து, வலித்து, பார்வை திடீரென்று மங்கினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று, கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்துகிறது. சில கிழமைகளுக்குப் பாரம் தூக்கவும் குனிந்து வேலை செய்யவும் கூடாது என்று வைத்தியர் சொல்வது கூடைக்கும் பொருந்தும். அந்த நாட்களில் பாரமில்லாத வேலையைக் கொடுக்கத் தோட்ட நிர்வாகம் முன்வந்தால், சத்திரசிகிச்சைக்குப் போகத் தயங்கும் பல பெண்கள் போவார்கள்.

சிறு கீறல், பெரும் இழப்பு

தேயிலைக் கவ்வாத்தில் தெறிக்கும் சுள்ளி, மரக்கறித் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து, மண்ணும் உரமும் பட்ட கை. மலையகத்துக் கண்ணுக்கு இவை தினசரி ஆபத்துகள். கருவிழியில் விழும் சிறு கீறலை யாரும் பொருட்படுத்துவதில்லை. தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, நாக்கால் தூசு எடுப்பது என்று கைவைத்தியம் நடக்கும். இரண்டு மூன்று நாளில் கீறலில் கிருமி பிடித்துப் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளையாகத் தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லி, அந்தக் கண்ணை மறந்துவிடுவார்கள்.

மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் ஒரு வருடத்தில் இலட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் வருவதாக 1996இல் வெளியான ஆய்வு சொன்னது. பணக்கார நாடுகளை விடப் பல மடங்கு அதிகம். இதைத் தடுக்க நேபாளத்தின் பக்தபூரில் ஓர் எளிய முயற்சி நடந்தது. ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களிடம் குளோரம்பெனிகோல் களிம்பைக் கொடுத்து, கண்ணில் கீறல்பட்டவர்களுக்கு மூன்று நாள் போடச் சொன்னார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடத் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001இல் வெளியான செய்தி இது. களிம்பின் விலை சொற்பம். தோட்டங்களில் டிஸ்பென்சரி இருக்கிறது. அங்கே அந்தக் களிம்பு இருக்கிறதா, கண்ணில் கீறல் பட்டவரை அன்றைக்கே பார்க்கிறார்களா என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். தெளிக்கும் மருந்து கண்ணில் பட்டால் முதலில் செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவுவது. ஆஸ்பத்திரிப் பயணம் அதற்குப் பிறகுதான்.

பூ விழுந்த கண்ணுக்கும் வழி இருக்கிறது. இறந்தவரின் கருவிழியை எடுத்துப் பொருத்தலாம். அதில் உலகுக்கே முன்னோடியாக நிற்பது நம் நாடு. 1958இல், வைத்திய மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்த பின் கண்களைத் தாருங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். தன் தாய் இறந்தபோது அவருடைய கண்ணை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தச் செய்தார். 1961இல் அவர் நிறுவிய இலங்கை கண் தானச் சங்கம், 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அதன் பிறகு பல்லாயிரம் கருவிழிகள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. வெளிநாட்டாருக்கு ஒளி கொடுத்த தேசத்தில், பூ விழுந்த கண்ணோடு ஒரு தோட்டத் தொழிலாளி சிகிச்சை உண்டென்றே தெரியாமல் இருப்பது வேதனை.

மற்றக் குறைகளையும் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். வெயிலிலும் காற்றிலும் வேலை செய்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் சதை வளரும். அகல விளிம்புத் தொப்பியும் நிழற்கண்ணாடியும் காப்பு. கருவிழியின் நடுவை நெருங்கினால் வெட்டி எடுக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இரத்தக் குழாய்கள் கசிவது கடைசி வரை தெரியாது. கண்ணழுத்த நோயும் அப்படித்தான். வலி இல்லாமல் ஓரப்பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் நாற்பதுக்குள் சோதிப்பது நல்லது. கண் சிவந்தால் பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டெராய்டு சொட்டு மருந்து இந்த நோயை வரவழைக்கும் என்பதைப் பலர் அறியார்கள். பள்ளிப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாலோ முன் வரிசைக்கு ஓடினாலோ அது குறும்பு என்று அடிக்க வேண்டாம், கண்ணைச் சோதியுங்கள்.

பஸ் தூரம்

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். வரைபடத்தில் அது தூரமில்லை. தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து டவுனுக்கு இறங்க வேண்டும், விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும், நம்பர் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும், மருந்து விட்டு மங்கிய கண்ணோடு திரும்பி வரத் துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக, ஒரு கிளினிக்குக்கு இரண்டு பேரின் ஒரு நாள் பேர் போகிறது. வைத்தியம் இலவசம், வருகை இலவசமில்லை. போன இடத்தில் சிங்களத்தில் கேட்கும் கேள்விக்கு அரைகுறையாகத் தலையாட்டிவிட்டு, எத்தனை தடவை சொட்டு விட வேண்டும் என்பது புரியாமலே திரும்பும் வயதான பெண்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒரு தாதியோ உதவியாளரோ அந்த மேசையில் இருந்தால் எத்தனையோ கண்கள் காப்பாற்றப்படும்.

இங்கே செய்யக்கூடியவை எவருக்கும் எட்டாதவை அல்ல. பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடும் காலையில், நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் கிட்டத்துப் பார்வையையும் தூரத்துப் பார்வையையும் சோதிக்க ஒரு அட்டை போதும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். டிஸ்பென்சரியில் நாலைந்து வலுக்களில் ஒரு பெட்டி கண்ணாடி இருந்தால் வெள்ளெழுத்துப் பிரச்சினை அங்கேயே தீரும். புரை என்று தெரிந்தவர்களைப் பெயர் எழுதி, ஒரே நாளில் தோட்ட வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். அசாம் ஆய்வு காட்டிய கணக்கின்படி இதில் தோட்டக் கம்பனிகளுக்கும் இலாபம்தான். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சுகாதாரத் திணைக்களமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கந்தப்பளையில் ஒரு நிரந்தரப் பார்வை மையத்தைத் தொடங்கலாம். சம்பளப் பேச்சில் கூலியோடு கண்ணாடியையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். கண்ணாடி போட்டால் கிழவி என்று மலையில் கேலி பேசுகிறவர்களும் அதை நிறுத்த வேண்டும்.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்ததும் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசலுக்கு எதிரே தெரிவதைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று பிசகினாலும் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.